புகைக்கு முகவரி

கேள்வி: சீனக் காற்று மாசு என்றாலே ஓர் ஆவணப்படத்தைச் சொல்கிறீர்களே, அதில் அப்படி என்ன? (கரூர் வாசகர்)

பதில்: ‘குவிமாடத்தின் கீழ்’. அரசுத் தொலைக்காட்சியில் முன்பு பணியாற்றிய சாய் ஜிங், சொந்தப் பணத்தில் எடுத்து 2015 பிப்ரவரி 28 அன்று இணையத்தில் வெளியிட்டார். காற்றை உறிஞ்சும் சிறு கருவியை 24 மணி நேரம் கூடவே வைத்திருந்து, உள்ளே இருந்த வடிதாளை எடுத்துக் காட்டுகிறார். வெள்ளையாகப் போன தாள் கரியாக வந்திருக்கிறது. அந்தத் தாள் இருந்த இடத்தில்தான் அவருடைய நுரையீரலும் இருந்தது. நிலக்கரி மாநிலமான ஷான்ஷியில், நட்சத்திரம் பார்த்ததே இல்லை என்று ஆறு வயதுச் சிறுமி சொல்வாள். அதன்பிறகு எனக்கு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை.

கேள்வி: அரசு என்ன செய்தது?

பதில்: சுற்றுச்சூழல் அமைச்சர் பாராட்டினார். ஒரு வாரம் கடந்ததும் படத்தைக் காணோம். அதற்குள் பார்வைகள் பத்துக் கோடியைத் தாண்டியிருந்தன.

கேள்வி: புகைதான் கண்ணுக்கே தெரிகிறதே, பி.எம். 2.5 என்ற நுண்துகள் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்? (மன்னார்குடி வாசகி)

பதில்: கண்ணுக்குத் தெரிவதை ‘பனிமூட்டம்’ என்று சொல்லி மழுப்பிவிடலாம், பெய்ஜிங்கில் பல ஆண்டுகள் அதுதான் நடந்தது. எண்ணை மழுப்ப முடியாது. அமெரிக்கத் தூதரகம் 2008-இல் தன் வளாகத்தில் ஒரு கருவியை வைத்து மணிக்கொரு முறை அளவை வெளியிட்டது. நிறுத்தச் சொன்னது சீன அரசு. ஆனால் மக்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டார்கள். 500-உடன் முடியும் காற்றுத்தர அளவுகோல் 2013 ஜனவரி 12 அன்று 755-ஐக் காட்டியது.

கேள்வி: மாசால் ஆயுள் குறைகிறது என்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அரசே நிலக்கரி கொடுத்தது, தெற்கே கொடுக்கவில்லை. திட்டமிட்ட பொருளாதாரம் வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு அது. கோட்டுக்கு இருபுறமும் உள்ள ஊர்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: வடக்கே சராசரி ஆயுள் சுமார் 5.5 ஆண்டு குறைவு. குளிருக்கு என்று கொடுத்த கரி ஆயுளைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: படம் காட்டினால் ஆலை திருந்துமா?

பதில்: புகைப்படம் மட்டும் போதாது. புகைப்படக் கலைஞர் லூ குவாங் எடுத்த மாசுப் படங்களுக்கு 2009-இல் பன்னாட்டு விருது கிடைத்தது. அவரோ 2018-இல் ஷின்ஜியாங்கில் கைதானார். என் பார்வையில் திருப்பம் தந்தவர் சுற்றுச்சூழல் ஆர்வலர் மா ஜுன். விதிமீறல் பற்றிய அரசின் சொந்தப் பதிவுகளையே திரட்டி, 2006-இல் இணையத்தில் வரைபடமாக்கினார். எந்த ஊர், எந்த ஆலை, என்ன தவறு, எல்லாம் அதில் உண்டு. தன் சரக்கைச் செய்யும் ஆலை அதில் இருக்கிறதா என்று வெளிநாட்டு நிறுவனம் பார்க்க வேண்டியதாயிற்று. 2014 முதல் பெரிய ஆலைகள் தங்கள் உமிழ்வை உடனுக்குடன் வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. நாடு முழுவதும் இத்தனை டன் என்றால் யாருக்கும் உறைக்காது. ஆலையின் பெயரைப் போட்டால் உறைக்கும்.

கேள்வி: இப்போதாவது குறைந்ததா?

பதில்: வெகுவாக. பெய்ஜிங்கின் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி 2013-இல் ஒரு கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், 2021-இல் 33. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 5 என்பதையும் மறக்கக் கூடாது. குறைத்த விதத்திலும் கொடுமை உண்டு. 2017 குளிர்காலத்தில் ஹெபெய் மாநிலத்தில் எரிவாயு வந்து சேரும் முன்பே கரி அடுப்புகளை அகற்றிவிட்டதால், பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். மாசு வரைபடத்தில் அந்தக் குளிர் பதிவாகாது.

கேள்வி: சீனாவில் செய்த பொருளை நான் வாங்குகிறேன். அந்தப் புகையில் எனக்கும் பங்கு உண்டா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: உண்டு. 2007-ஆம் ஆண்டுக்கான கணக்கை 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது: மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் நுகர்ந்த பொருள்களுக்காகச் சீனாவில் நேர்ந்த அகால மரணங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த மரணங்களை, பொருளை வாங்கியவர்களின் நாட்டு வரைபடத்திலும் குறிக்க வேண்டும் என்பது என் கட்சி.