எழுந்திராமை: ஓர் ஆராய்ச்சி

ஊழியர் நாற்காலியை விட்டு எழும் தருணங்கள் நான்கு: டீ, சாப்பாடு, மேனேஜர் அழைப்பு, ஏ.சி. ரிமோட். இவற்றுள் பின்னிரண்டும் வழக்கொழிந்தன. மேனேஜர் டீம்ஸில் கூப்பிடுகிறார். ரிமோட் அட்மின் டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. குறைந்த தருணங்களை ஈடுகட்ட ஹெச்.ஆர். கண்ட உபாயமே 'ஸ்டெப் சேலஞ்ச்', அதாவது நடந்த அடிகளை எண்ணும் போட்டி. அதன் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரை.

முதற்கண் முன்னோர் கருத்து. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953இல் லான்செட் இதழில் எழுதினார் ஜெர்ரி மாரிஸ். உடலுழைப்பையும் நோயையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகளுக்கு முன்னோடி அது. மனிதர் அத்தோடு விடவில்லை. 1956இல் அதே ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவே பெரிது. அதுவும் இளம் டிரைவர்களிடம்கூட அப்படி. அப்படியானால் சீட்டு தொந்தியை வளர்த்ததா, தொந்திதான் சீட்டைத் தேடி வந்ததா? தன் முடிவைத் தானே சந்தேகித்து, அதற்குத் தையற்காரர் டேப்பைச் சாட்சிக்கு அழைத்த அவரை இக்கட்டுரையாளர் வணங்குகிறார். மாரிஸ் வாழ்ந்தது 99 ஆண்டு.

அற்றேல், நாளொன்றுக்கு 10,000 அடி என்பது எந்த மருத்துவர் வாக்கு எனின், மருத்துவர் வாக்கன்று. 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்ற அடியளவிக்கு வைத்த பெயர் அது. விளம்பரம் சாஸ்திரமாகிவிட்டது.

இனிக் களஆய்வு. இடம், சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஒரு கண்ணாடிக் கட்டடம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். போட்டியாளர் ஒருவர் வீட்டில் குழந்தைத் தூளியின் மடிப்புக்குள் செல்போனைச் செருகினார். பாட்டி ஆட்ட ஆட்ட, பேரன் உறங்கினான், அடி ஏறியது. டீம் லீடர் ஒருவர் தன் அடியளவிப் பட்டையைக் கழற்றி, மாடி மாடியாக டீ கொண்டுவரும் அண்ணன் கையில் கட்டிவிட்டார். மாலையில் தரவரிசையில் முதலிடம். அந்த அண்ணன் சொந்தப் பெயரில் போட்டியிட முடியாது. அவர் கான்ட்ராக்ட், ஊழியர் பட்டியலில் இல்லை. தரை துடைக்கும் அக்காவும் அப்படியே. ஆக, அந்தக் கட்டடத்தில் உண்மையாக நடப்பவர்களை நீக்கிவிட்டு நடத்தப்படுவதே நடைப்போட்டி என்பது பெறப்படும்.

பட்டியலில் உள்ளவர்களுள் தாமாகப் பெயர் கொடுப்பவர் யார் எனின், விடியுமுன் மெரினாவில் ஓடிவிட்டு வருகிறவர். இது ஓ.எம்.ஆர். சாலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய உடல்நலத் திட்டப் பரிசோதனையின் முடிவு 2019இல் வந்தது. அழைக்கப்பட்டவர்களில் வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பே திடமாக இருந்தவர்கள். திட்டத்தால் மருத்துவச் செலவு சொல்லும்படி குறையவில்லை. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். மெயிலை மட்டும் திறந்து பார்த்திருப்பார்.

இதற்கு மறுதலையும் உண்டு. தி.நகர் ரங்கநாதன் தெருப் பக்கம் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்றே வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகம் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டுதான் மேசையை விட்டு எழாதவர்களுக்காக ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் ஐந்து நிமிட 'ஒய் பிரேக்' யோகா செயலியை வெளியிட்டது. நிற்பவரை உட்கார வைக்கச் சட்டம் வேண்டியிருந்தது. உட்கார்ந்தவரை எழுப்பச் செயலி போதும் என்று தோன்றியிருக்கிறது. நாற்காலியின் வலிமையை அரசு குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்பது என் துணிபு.

ஆகவே இரு தரப்பையும் ஒரு மாதம் இடம் மாற்றிப் பார்க்கும் முன்மொழிவு ஒன்றை ஹெச்.ஆருக்கு அனுப்பியுள்ளேன். கடைக்காரர்கள் விதித்த தகுதி ஒன்றே: பட்டுப்புடவையை உதறி விரித்து, 'வேற காட்டுங்க' என்றதும் முகம் சுளிக்காமல் பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க வேண்டும். தூளிக்காரர் மட்டும் விண்ணப்பித்திருக்கிறார், பாட்டியின் பெயரில்.