இடை மட்டும் இளைக்கவில்லை

மீஞ்சூரில் ரயிலேறும் சாண்டில்யன் வாசகருக்கு ஒரு துக்கம் உண்டு. ‘கடல் புறா’ மூன்று பாகம். இளைய பல்லவன் கருணாகரத் தொண்டைமான் ஸ்ரீவிஜயம் வரை போய் வருவதற்குள் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பல வாரங்கள் நிம்மதியாக ஓடிவிடும். நாயகியின் இடையை வருணிக்க ஆசிரியர் நடுக்கடலில் கப்பலை நிறுத்துவார்தான். ஆனால் மறுபடி கிளப்பிவிடுவார்.

பிற்காலத்து மெல்லிய நாவல்களில்தான் வில்லங்கம். புத்தகம் இளைத்தது, போர் இளைத்தது, சரித்திரம் அடிக்குறிப்பாகச் சுருங்கியது. இடை வருணனை மட்டும் பழைய நீளத்திலேயே நிற்கிறது. நந்தியம்பாக்கத்தில் நாயகியைப் பார்த்த உபதளபதி, எண்ணூர் தாண்டியும் கண்ணை எடுப்பதில்லை. எதிரிப்படை நாகரிகமாக வெளியே காத்திருக்கிறது. ஒற்றனும் பழைய ஒற்றன்தான், மாறுவேடத்தைக்கூட மாற்றவில்லை.

குற்றம் அவருடையது மட்டுமா? குமுதத்தில் வாராவாரம் இதைத்தானே கேட்டோம்! அங்கிருந்து விலகி அவர் தொடங்கிய ‘கமலம்’ வார இதழையோ நிலைக்க விடவில்லை. சரித்திரம் படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, எந்தப் பக்கங்களின் முனையை மடித்துவைத்தோம் என்பதை நூலகப் பிரதிகளே சாட்சி சொல்லும்.

ஆகவே, புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு யோசனை: ‘யவன ராணி’யில் ஏறி, ‘கடல் புறா’வில் இறங்கிவிடுங்கள். அதற்கு மேலும் கடல் பார்க்க ஆசையிருந்தால் காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் போங்கள். அங்கே கப்பலாவது நகரும்.