ஸ்டாண்ட் இல்லாத வண்டிகள்

புக்கிட் பிரவுன் இடுகாட்டில் ஒரு சீனச் செல்வந்தரின் சமாதிக்குக் காவலாக இரண்டு சீக்கிய ஜாகாக்கள் கல்லாய் நிற்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர், அவர்களில் ஒருவர்மீது தன் வண்டியைச் சாய்த்து வைத்தார். அந்தக் காலத்தில் சிங்கப்பூரின் வங்கி வாசல்களிலும் கிடங்கு வாசல்களிலும் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் காத்தவர்கள் பஞ்சாபிலிருந்து வந்த இவர்கள்தான். செத்த பிறகும் இவர்களே காவலுக்கு வேண்டும் என்று சீனக் குடும்பங்கள் சிலை வைத்தன. தலைப்பாகையும் தாடியும் துப்பாக்கியுமாக வெயிலிலும் மழையிலும் ஆடாமல் நிற்கிற மனிதரின் தொடைமேல் ஒரு கார்பன் ஃபைபர் சைக்கிள்! நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார்: "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா, உங்க நிழல் வண்டி மேல விழுது."

எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் உட்கார்ந்தது என்னவோ தெலுக் ஆயர் வீதியைப் பற்றி எழுதத்தான். அந்த வீதியைச் சைக்கிளில் கடந்தால் மட்டுமே உறைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. பேருந்தில் போனாலும் நடந்து போனாலும் பிடிபடாது. அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவதாகத்தான் உத்தேசம். அதற்கு முன்னால் இந்தச் சாய்க்கிற சமாச்சாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

விலை கூடிய சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கிடையாது. ஸ்டாண்ட் எடையாம். சில நூறு கிராம் குறைவதற்காக ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டியவர்கள், குறைந்த அந்த எடையை ரொட்டி பிராட்டாவாகத் தங்கள் வயிற்றில் ஏற்றிக்கொண்டு மிதிக்கிறார்கள். அது அவரவர் உடம்பு. ஆனால் ஸ்டாண்ட் இல்லாத வண்டி தானாக நிற்காது. படம் எடுக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சுவர் வேண்டும். சிங்கப்பூரில் மரபுடைமை ஆர்வம் பெருகிய கதை இதுதான் என்பது என் ஆராய்ச்சி முடிவு. அடுக்குமாடி புளோக்கின் சுவர் படத்தில் எடுப்பாக விழாது. கோயில் சுவர் விழும், பள்ளிவாசல் சுவர் விழும். கெர்பாவ் சாலையில் டான் டெங் நியா என்ற மிட்டாய் வியாபாரி 1900-இல் கட்டிய வீடு இருக்கிறதே, இப்போது கதவு ஒரு வண்ணம் சன்னல் ஒரு வண்ணமாக மின்னுகிறதே, அதைவிடச் சிறந்த சுவர் இந்தத் தீவில் இல்லை. லிட்டில் இந்தியாவில் மிஞ்சி நிற்கும் ஒரே பழைய சீன மாளிகை அது என்பது எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. காலை எட்டு மணிக்குமேல் போனால் சுற்றுப்பயணிகள் குறுக்கே வந்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சாய்ப்பதற்கும் சாத்திரம் உண்டு. செயின் இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும். பெடல் இன்ன கோணத்தில், டயரின் வால்வு இன்ன திசையில், தண்ணீர் போத்தலின் எழுத்து வெளியே தெரிய. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக்கூட எந்த வீட்டிலும் இவ்வளவு நேரம் முந்தானை சரிசெய்ததில்லை. இதில் சொந்தக்காரர் படத்தில் இருக்கக்கூடாது. வண்டி மட்டும். வண்டிதான் காலாங் ஆற்றங்கரைக்குப் போனது, வண்டிதான் மரபுடைமையைக் கண்டு நெகிழ்ந்தது.

சுவர் கிடைக்காத இடத்தில் மரம். அதனால் எங்கள் ஆட்கள் தாவரவியலிலும் கரைகண்டுவிட்டார்கள். தூங்குமூஞ்சி மரம் முதல் தரம். பட்டை சொரசொரப்பு, ஹேண்டில்பார் வழுக்காது. பனை வகைகள் உதவாது, வண்டி சுற்றிக்கொண்டு விழும். காகிதப்பூச் செடி பார்க்க அழகு, ஆனால் சைக்கிளை விழுங்கிவிடும். ஆலமரம் நல்ல மரம்தான், சிவப்புத் துணி கட்டி ஊதுபத்தி கொளுத்தியிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 1876-இல் இங்கே இறங்கியது. காகிதப்பூவின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. சாலையோரப் பச்சையில் பாதி நம்மைப்போலவே கப்பலேறி வந்ததுதான். ஆனால் சாயத் தோதான மரமா இல்லையா என்பதற்குமேல் எந்தப் பூர்வீகமும் இவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

என் வண்டிக்கு ஸ்டாண்ட் இருக்கிறது. கூடையும் மணியும்கூட இருக்கின்றன. அதனால் எந்தப் படத்திலும் அதற்கு இடமில்லை. "அண்ணே, உங்க வண்டியை அந்தப் பக்கம் நிறுத்திடுங்களேன்" என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். கூடையில் வீட்டுக்கு வாங்கிய முருங்கைக்கீரை இருந்தால் மரியாதை இன்னும் கூடும். தள்ளி நிறுத்தச் சொல்லும் தூரமும் கூடும்.

தெலுக் ஆயருக்கு வந்துகொண்டிருக்கிறேன்.

அன்றைய திட்டத்தில் அதுவும் இருந்தது. பிஷான் பூங்காவில் கூடுவது, புக்கிட் பிரவுன், பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்கா, பிறகு லிட்டில் இந்தியாவின் தேக்கா, கடைசியில் தெலுக் ஆயர். பிஷானிலேயே முக்கால் மணி நேரம் கரைந்தது. அங்கே ஓடும் காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகக் கிடந்த சிமெண்டுக் கால்வாய். அதை உடைத்து, வளைத்து, 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-இல் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வளைந்து வளைந்து மெதுவாகப் போகட்டும் என்று ஓர் அரசாங்கமே மெனக்கெட்டிருக்கிறது. எங்கள் தலைவர் அந்தக் கரையில் நின்று, கைக்கடிகாரம் சராசரி வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று அங்கலாய்த்தார். நீர்நாய்கள் வந்தன. அவற்றின்மேல் எதையும் சாய்க்க முடியாது என்பதால் சீக்கிரம் கிளம்பினோம்.

புக்கிட் பிரவுனில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். 1922 முதல் 1973 வரை புதைத்த இடம் அது. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள் காட்டுக்குள் கிடக்கின்றன. மலையாகப் பார்த்தால் பறவைகள், கல்லாகப் பார்த்தால் சீனத்திலிருந்து கிளம்பி வந்தவர்களின் ஊர்ப் பெயர்கள். ஒரு நாள் முழுக்க உலாவலாம். நாங்கள் உலாவவில்லை. மலாயா ரயில் ஓடிய தடத்தில் ஏறினோம். 2011 ஜூன் 30 அன்று ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிச் சென்ற பாதை, இப்போது 24 கிலோமீட்டர் பசுமைவழி. அந்த ரயில்வேயில் உழைத்தவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். புக்கிட் தீமாவின் இரும்புப் பாலத்தில் ஏற்கெனவே இரண்டு குழுக்கள் வரிசையில் நின்றன. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் சாய்க்க வசதியானவை. இதற்குமேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பூமலைதான் எனக்கு வயிற்றெரிச்சல். உள்ளே சைக்கிள் ஓட்டக்கூடாது. வாசலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். வண்டி வராத இடத்துக்கு நாம் எதற்கு என்று ஒட்டுமொத்தக் குழுவும் வாசலோடு திரும்பப் பார்த்தது. "ஒரே ஒரு ரப்பர் மரம் பார்த்துட்டு வந்துடலாம்" என்றேன். "ரப்பர் மரத்துல என்ன அண்ணே இருக்கு?" என்றார் அதே தம்பி. அவருடைய கொள்ளுத்தாத்தா பேராக்கில் பால்மரம் வெட்டியவர். இதை அவரே முன்பு பெருமையாகச் சொல்லியிருக்கிறார். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இந்தப் பூமலைக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகள், 1888-இல் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்க அவர் கண்டுபிடித்த முறை, நட்டுப் பாருங்கள் என்று தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்தி அவர் வாங்கிக்கொண்ட பைத்தியக்காரப் பட்டம் இவையெல்லாம் இல்லாவிட்டால் தம்பியின் குடும்பம் இந்நேரம் புதுக்கோட்டைப் பக்கம் கடலை போட்டுக்கொண்டிருக்கும். சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப தேக்காவுக்குப் போயிடலாமா, பசிக்குது" என்றார்.

சிராங்கூன் சாலையில் வேறு ஒரு கூத்து. சாலையில் குழுவாகப் போனால் பத்துப் பேருக்குமேல் கூடாது, இருவர் இருவராகப் போனால் ஐந்து வண்டி நீளம்தான் என்று 2022 முதல் சட்டம். நாங்கள் பதினோரு பேர். யாரைப் பிரிப்பது என்ற பேச்சே எழவில்லை. கூடை வைத்த வண்டி தானாகப் பின்தங்கியது. மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வியாபாரமும் இருந்த அந்த வட்டாரத்தில் ஓர் எருமையின் வேகத்தில் நான் தனியாகப் போனேன். உண்மையைச் சொன்னால், அந்த நாளில் நிம்மதியாக இருந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான். பூக்கடை வாசம், வீரமாகாளி கோயில் மணி, குறுக்கே வந்த ஒரு கோழிக்கறிப் பை.

தேக்காவில் தே தாரிக் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெலுக் ஆயரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் அறிவித்தார். அங்கே 1828-இல் சூலியா முஸ்லிம்கள் கட்டத் தொடங்கிய நாகூர் தர்கா நிற்கிறது. கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றியாக ஹொக்கியன் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயிலும் அதே வீதியில்தான். கரையில் கால் வைத்ததும் கும்பிட வசதியாகக் கடலைப் பார்த்துக் கட்டினார்கள். பிறகு ஊரார் கடலைத் தூர்த்துத் தள்ளிக்கொண்டே போனதில், இப்போது இரண்டும் வங்கிக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் சொல்ல வந்தது இது அல்ல, இதெல்லாம் பலகையிலேயே இருக்கும். நான் சொல்ல வந்தது சைக்கிளில் அங்கே வளைந்து திரும்பும்போது—

"அண்ணே, இதைப் பாருங்க" என்று தம்பி கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். இணையத்தில் அவர் வாங்கியிருந்த ஒரு கம்பி. மெல்லியது, மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பெடலுக்கு அடியில் முட்டுக்கொடுத்தால் வண்டி தனியாக நிற்கும். சுவரே வேண்டாம், மரம் வேண்டாம், நடுத்தெருவிலும் நிறுத்தலாம். விலை அறுபது வெள்ளி.

நான் ஒன்றும் பேசாமல், மழையில் நனைந்துகொண்டிருந்த என் வண்டியின் ஸ்டாண்டைக் கைகாட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அது படத்துல தெரியும் அண்ணே" என்றார்.