எழுத்தெண்ணிச் சேமிப்பவர்

கொடைக்கானல் மலையில், கவுஞ்சிப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என்ஜினியர் தம்பி ஒருவர் உண்டு. மன்னவனூரிலும் பூம்பாறையிலும்கூட இந்த ரகம் தென்படும்; பெங்களூரில் தெருவுக்கு நாலு பேர். சம்பள வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஊருக்கு ஏதாவது செய்யாவிட்டால் இவர்களுக்குக் கை அரிக்கும். நம் தம்பி செய்தது மலைப்பூண்டுக்கு மோங்கோடிபியில் ஒரு டேட்டாபேஸ். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, இன்னும் நோட்டுப் புத்தகத்தில் கிடந்தால் மரியாதையா?

தம்பி பரம சிக்கனம். மோங்கோடிபியில் ஒவ்வொரு பதிவும் தன் தலைப்புகளைத் தானே சுமக்கும் என்று எங்கோ படித்துவிட்டார். நிஜம்தான். போஸ்ட்கிரெஸ் என்றால் தலைப்பை ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். இங்கே ஆயிரம் சிட்டைக்கு ஆயிரம் தடவை. போதாக்குறைக்குத் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'விவசாயியின்_பெயர்' 49 பைட்; 'வி' ஆக்கினால் 6. லாபம் 43! ஒரே ராத்திரியில் விலை 'வி1' ஆனது, விதை 'வி2', விற்ற தேதி 'வி3'.

கடுகு போன இடம் ஆராய்பவருக்குப் பூசணிக்காய் போன இடம் தெரிவதில்லை. மூட்டைக்கு மூட்டை மூன்று எம்பி போட்டோ எடுத்து அதே பதிவுக்குள் செருகியிருக்கிறார். ஒரு போட்டோ தின்ற இடத்தை மீட்க எழுபதாயிரம் பதிவுகளில் 'வி' போட வேண்டும். அதிலும், திரும்பத் திரும்ப வரும் தலைப்புகளை வட்டில் எழுதும்போது மோங்கோவே இறுக்கிக்கொள்ளும். நினைவகத்தில்தான் முழு நீளம். இன்டெக்ஸ் போட்டாயா என்றால், "அது வேற எடத்த அடைக்கும்ணே!"

வடுகபட்டி சந்தைக்குக் கிளம்பும் பெரியவர் கேட்பார்: "ஏப்பா, போன வருசம் நம்ம பூண்டு என்னா வெலைக்குப் போச்சு?"

"இந்தா, பாத்துச் சொல்றேன் பெரியப்பா."

இன்டெக்ஸ் இல்லாததால் மோங்கோ ஊரார் பதிவையெல்லாம் போட்டோவும் கையுமாக ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்க்கும். எட்டு ஜிபி நினைவகம் மூச்சு வாங்கும். ஒருவழியாகத் திரையில் 'வி2: 310'. வி2 விலையா, விதையா? தம்பி தாடையைச் சொறிவார்.

"நெட்டு ஸ்லோ பெரியப்பா."

டேட்டாபேஸ் இருப்பது அவர் மடியிலுள்ள லேப்டாப்பில். மண்டிக்காரர் நோட்டிலோ ஆளுக்கொரு பக்கம். பெரியவர் அங்கே விசாரித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

போட்டோவைத் தனியே பிரித்து வை, பெயருக்கு ஒரு இன்டெக்ஸ் போடு என்று கூட வேலை பார்ப்பவர்கள் எடுத்துச் சொன்னார்கள். தம்பி கவனமாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, பிரச்சினை தீர்ந்தது என்று குரூப்பில் செய்தி போட்டார். 'போட்டோ' என்ற தலைப்பை 'போ' ஆக்கிவிட்டாராம்.