தன்னை மறத்தலும் சூன் பாணும்

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1990இல் ஒரு நூலே எழுதினார். தெளிவான இலக்கு, உடனுக்குடன் பதில், திறமைக்கேற்ற சவால் இருந்தால் மனிதன் வேலையில் தன்னை மறந்து மூழ்கிவிடுவானாம். ஓவியர், சதுரங்கக்காரர், மலையேறுவோர் என்று பலரையும் ஆராய்ந்தவர், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஐந்தாம் மாடியில் இருந்து நாவல் எழுதுகிறவரை மட்டும் விட்டுவிட்டார்.

எழுத்தாளர் கைபேசியை அணைத்து, கதவைச் சாத்தி, முதல் வரியைத் தொடங்குகிறார். கரையோர ரயில் போகிறது. அது போனதும் பீத்தோவன் கேட்கிறது. ஞானம் பிறந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ. 1810இல் எழுதிய மெட்டு இங்கே மாலுபாண் விற்கிறது. அடுத்து அழைப்பு மணி. லண்டனிலிருந்து வந்த மச்சான், “சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு” வந்தவர், இரவுச் சாப்பாடு வரை அசையவில்லை.

பசியோடு இறங்கினால் கொத்துக் கடை. கொத்துப் போடுகிறவர் கையில் இரண்டு தகடும் தாளம் தப்பவில்லை. சுற்றி நிற்கும் கூட்டம் அவர் கண்ணிலேயே இல்லை. அப்பழுக்கில்லாத சிக்சென்ட்மிஹாயி நிலை!

“தம்பி, இந்த மனநிலையை எப்படி அடைஞ்சனீர்?”

“முட்டையோ கோழியோ, அண்ணை?”