துறைசார் நிபுணர்கள்

கொழும்பு கொம்பனித்தெருத் தேத்தண்ணிக் கடையில் அரசைக் குறைசொல்பவர்களுக்கு நன்றி கிடையாது. இந்த நாட்டில் எந்தப் பிரச்சினையும் துறை தெரிந்தவர்களிடமே கொடுக்கப்பட்டது.

2020 நவம்பரில் கொரோனாவை விரட்ட சுகாதார அமைச்சர் மந்திரித்த குடத்தை ஆற்றில் விட்டார். கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணியையும் குடித்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கே தொற்று. ஆராய்ச்சி என்றால் இப்படி முழுமூச்சாக இருக்கவேண்டும்.

அப்போதைய ஜனாதிபதி முன்னாள் இராணுவ அதிகாரி. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே உத்தரவில் தடை போட்டார். உத்தரவு போட்டால் சிப்பாய் கால் தூக்குவான். நெற்பயிருக்கு அந்த ஒழுக்கம் இல்லாமல் போனதற்கு அவர் என்ன செய்வார்? நவம்பரில் உத்தரவே பின்வாங்கியது; அதுவும் இராணுவ உத்திதானே.

மத்திய வங்கிக்கு ஆளுநராக இருந்தவர் கணக்காளர். பணமில்லையா, அச்சடி! 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் காகிதமின்றித் தள்ளிப்போயின. நோட்டுக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

எந்தத் துறையும் தெரியாதவர்கள், காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டு வரிசையில் நின்றவர்கள்தான். 2022 ஜூலை 9ஆம் திகதி அவர்கள் ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் குதித்தார்கள். 13ஆம் திகதி ஜனாதிபதி விமானப்படை விமானத்தில் மாலைதீவு போனார்.

விமானத்துக்கு எரிபொருள் இருந்தது.