மூன்று பெட்டி அண்ணாச்சி

போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் அட்டைக்குப் பயந்து உப்பும் புகையிலையும் மடித்துக்கொண்டு வருவார்கள். அட்டை பரவாயில்லை, வயிறு நிறைந்ததும் தானாக விழுந்துவிடும். வாசக அண்ணாச்சிக்கு வயிறு நிறைவது கிடையாது.

விதுராவிலிருந்து மூச்சிரைத்து ஏறிவரும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிற்கிற இடத்தில்தான் அவரும் நிற்பார். ஜனவரி பிறந்து அகத்தியர்கூடம் மலையேற்றம் தொடங்கிவிட்டால் அவருக்கு அறுவடைக் காலம். 1868 மீட்டர் ஏறப்போகிற உற்சாகத்தில் இறங்குகிற பையனிடம் ஊர், பேர் எதுவும் கேட்கமாட்டார்.

“தம்பி, பையில என்ன புஸ்தகம் இருக்கு?”

“புஸ்தகம் ஒண்ணும் இல்லையே, அண்ணாச்சி.”

“பொறவு மலைக்கு மேல போயி என்ன செய்யப்போறிய?”

வால்பாறை, மூணாறு, மலைக்கு அந்தப்பக்கம் மாஞ்சோலை என்று தேயிலை விளைந்த இடங்களிலெல்லாம் இந்த இனத்தைக் காணலாம். லயத்தில் பிறந்து, அம்புலிமாமாவில் எழுத்துக்கூட்டி, எஸ்டேட்டில் கணக்கெழுதி, தொழிற்சாலை துருப்பிடித்த பிறகும் இறங்கிப்போக மனமில்லாமல் படித்துக்கொண்டே இருக்கிறவர்கள். நம் அண்ணாச்சியின் நூலகம் மூன்று தேயிலைப் பெட்டிகள். ஈயத்தாள் ஒட்டிய பழைய பலகைப் பெட்டி என்பதால் ஈரம் அண்டாது. ஒன்று சரித்திரம், ஒன்று மாயாஜாலம், ஒன்று விஞ்ஞானம். கூரை ஒழுகுகிற மூலையில் மாயாஜாலத்தைத்தான் வைத்திருக்கிறார். மந்திரம் தெரிந்தவர்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி.

படிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. கணக்கெழுதிய கையல்லவா? நாவலுக்குள் நுழைந்ததும் முதல் வேலை பெரட்டு எடுப்பது. யார் வந்தார்கள், யார் மட்டம், யார் வேலை செய்யாமல் பேர் கொடுத்தார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துவிடுவார். ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் ஐந்து பாகமும் முழுநாள், குதிரை ஓட்டம், நீச்சல், உளவு என்று ஓவர்டைம் வேறு. பூங்குழலிக்குப் படகுக்கூலி பாக்கி. சேந்தன் அமுதன் அரை நாள். பூக்கட்டும் வேலை, அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு. “கடைசியில கிரீடம் யாருக்குப் போச்சு? அரை நாள்காரனுக்கு. கல்கி எங்க எஸ்டேட்டுக்கு வந்துட்டுப் போயிருக்காரு, கேட்டியா?”

இவ்வளவு கறாரான மனிதர் சரித்திரத்தில் உண்மையைத்தானே தேடுவார் என்று நினைப்போம். அங்கேதான் சறுக்கும். அவருக்குச் சரித்திரத்தில் வேண்டியது கதை. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையும் சதாசிவ பண்டாரத்தாரையும் பயபக்தியோடுதான் படித்திருக்கிறார். ஆனால் பக்க ஓரங்களைப் பார்த்தால் ‘இந்த எடத்துல ஒரு பொண்ணு வந்தா நல்லாருக்கும்’ என்று எழுதியிருக்கும். சாண்டில்யனிடம் வந்தால் எதிர்க் குறை: வர்ணனை முடிவதற்குள் கப்பல் சாவகம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பார். ராஜராஜன் வென்ற காந்தளூர்ச்சாலை திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்று ஆய்வாளர் பலர் சொல்ல, ஒருநாள் பஸ் ஏறிப்போய் அந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அங்கே சோழன் கப்பலை உடைத்தானா, அந்தக் கல்விச்சாலையில் படித்தவர்களின் சாப்பாட்டை நிறுத்தினானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அண்ணாச்சி தீர்ப்பு சொல்லிவிட்டார்: “கப்பலாக்கும். சாப்பாட்ட நிறுத்தினான்னு எவனாவது கல்லுல வெட்டிப் பெருமைப்படுவானா? நிறுத்தினவன் மூச்சே விடமாட்டான். எங்களுக்குத் தெரியாதா?”

மாயாஜாலம் என்று வந்துவிட்டால் கதை போதாது, கணக்கு வேண்டும். ‘விஷ்ணுபுர’மும் ஹாரி பாட்டரின் முதல் புத்தகமும் ஒரே 1997இல் வந்தவை என்பதை ஏதோ இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் மாதிரி சொல்வார். ஆனால் ஹாரி பாட்டர் பள்ளிக்கூடத்து விருந்தில் அத்தனை பேருக்கும் எத்தனை கிலோ உருளைக்கிழங்கு, மூட்டை எந்த வழியாக மலையேறி வந்தது என்று தெரியாமல் அவரால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தைத்தான் பார்த்தார். புத்தகம் படித்ததாகத்தான் சொல்வார். 1954 மே மாதம் கல்கி பொன்னியின் செல்வனை முடிக்க, ஜூலையில் டோல்கியன் முதல் பாகத்தை வெளியிட்டது அவருக்கு மிகவும் பிடித்த தகவல். நம்ம ஆள் எழுதி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தாராம்.

டோல்கியனைப் பற்றிப் பையன்கள் மெய்மறந்து பேசினால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். கட்டன்சாயா பாதியானதும் ஆரம்பிப்பார். “ஆளு குள்ளம். சரியா? ஒலகம் அழியப்போகுது. ஒரு மலைக்குப் போனாத்தான் தப்பும். பெரிய பெரிய ஆளெல்லாம் சும்மா நிக்க, இந்தக் குள்ளன் கையில அந்தப் பொறுப்பு. அதானே கதை?” பையன்கள் தலையாட்டுவார்கள். அவர் நிமிர்ந்து மேகத்துக்குள் மறைந்திருக்கும் உச்சியைக் கைகாட்டுவார். கயிலாயத்தில் கூட்டம் சேர்ந்து பூமி சாய்ந்தபோது தெற்கே வந்து சமன் செய்த குள்ளமுனி அங்கே இருக்கிறார். “எங்களுக்கு இது பழைய கதை மக்களே. எங்க ஆளு ஒரு கடலையும் குடிச்சிருக்காரு. ஒங்க ஆளு?”

பக்கத்துக் கட்சியையும் விட்டுவைப்பதில்லை. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதீகமாலை’யை மலையாளத்திலேயே படித்திருக்கிறார். கடமற்றத்துக் கத்தனாருக்கு முழு மதிப்பெண். ஆனால் போனக்காட்டுப் பங்களாப் பேய்க்குப் பூஜ்யம். கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த இடிந்த பங்களாவைத் தேடி வருகிற யூடியூப் பிள்ளைகள், விறகு பொறுக்கப்போன பெண் பேயடித்துத் திரும்பி வந்து இங்கிலீஷில் பொளந்துகட்டினாள் என்ற கதையைச் சொன்னதும் அண்ணாச்சிக்குச் சுருக்கென்று வரும். “இங்கிலீஷ் அறிஞ்ச பேய் ஒண்ணு சும்மா கெடந்திருக்கு. பள்ளிக்கூடத்துல வாத்தியாராப் போட்டிருந்தா எங்க பிள்ளைங்க கரையேறியிருக்கும். கதையில நியாயம் வேண்டாமா?”

மூன்றாவது பெட்டியைத் திறக்கும்போது அவர் முகமே வேறாகிவிடும். விஞ்ஞானக் கதையைப் பலரும் வருங்காலத்துக்காகப் படிப்பார்கள். அவர் கடந்த காலத்துக்காகப் படிப்பார். சொன்னது நடந்ததா என்று பார்க்கவேண்டும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 2020களில் நடக்கிற கதை. அந்த வருடங்கள் வந்தபோது அண்ணாச்சி உண்மையிலேயே காத்திருந்தார். ஜீனோ மாதிரிப் பேசும் இயந்திர நாய் வரவில்லை. செல்போன் சிக்னல்கூட வளைவில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் வந்தது. அதற்காகச் சுஜாதாவைக் குறைசொல்லமாட்டார். “அவரு சரியாத்தான் எழுதினாரு. எங்க ஊருக்கு இன்னும் அந்த வருஷம் வரல.” கிராஜுவிட்டி கிடைக்கும், லயம் பழுதுபார்க்கப்படும் என்று அவ்வப்போது வந்த நோட்டீசுகளும் அதே பெட்டியில்தான், சுஜாதாவுக்கு அடியில், தேதி வாரியாக.

ஆனால் உலகத்தின் தலைசிறந்த விஞ்ஞானக் கதை என்று அவர் சொல்வது கதையே அல்ல. 1852இல் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்த ஜான் ஆலன் பிரவுன், அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். காட்டுவழியே கருவிகளைச் சுமந்தேற்றி, மேகமும் காற்றும் சுழற்றியடிக்கிற அந்தப் பாறையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, அது எந்தப்பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து எழுதினார்கள். நகரத்தில் ஒரு ஊசி, உச்சியில் ஒரு ஊசி. உயரத்தால் வித்தியாசம் உண்டா என்பது கேள்வி. பிரவுன் திருவிதாங்கூரை விட்டுப்போன 1865இல்தான் ஜூல்ஸ் வெர்ன் பீரங்கியில் ஆளை நிலவுக்கு அனுப்பும் நாவலை வெளியிட்டார். “அங்க ஒருத்தன் மேசையில உக்காந்து நெலாவுக்குப் போறான். இங்க ஒருத்தன் நெசமாவே மேகத்துக்குள்ள உக்காந்து ஊசியப் பாக்கான். யாரு கதை எழுத்தாளன்?” பிரவுனின் பதிவுகள் 1874இல் அச்சாயின. பக்கம் பக்கமாக எண்கள்தான். அண்ணாச்சிக்கு அதைப் பார்க்கக் கிடைத்ததில்லை. கிடைத்தால் ஓரத்தில் ஒரு பெண்ணை நுழைத்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரவல் விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. புத்தகம் பெட்டியைவிட்டு இறங்காது. வேண்டுமானால் வாயால் சொல்வார். அப்படி மாட்டிக்கொண்டவர் ஒரு மலையாளி கண்டக்டர். அவருக்குச் சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’வுக்கு மேல் சரித்திர நாவல் கிடையாது. 1891இலேயே எங்களிடம் வந்துவிட்டது என்று மார்தட்டினார். நாவல் உங்களுடையது, பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் குமரி மாவட்டத்தில் என்று அண்ணாச்சி ஒரே போடாகப் போட்டார். சண்டை முற்றி, சரி, உங்கள் கல்கி என்னதான் எழுதினார் என்று கண்டக்டர் கேட்டுவிட்டார். விதுராவில் ஏறி போனக்காட்டில் இறங்குவது வரைக்கும் ஒரு தவணை. கடம்பூர் மாளிகை வாசலில் கதை நிற்க, பஸ்ஸும் நிற்கும். கல்கி வாரத்துக்கு ஒருமுறை செய்த கொடுமையை அண்ணாச்சி டிரிப்புக்கு ஒருமுறை செய்தார்.

ஆதித்த கரிகாலன் குத்துப்பட்டு விழுந்த தவணையோடு கண்டக்டருக்கு வேறு டிப்போவுக்கு மாற்றல் வந்துவிட்டது. பாறைமேல் ஏறி நிற்கும் நேரமாகப் பார்த்து அவர் போன் செய்தார்: “அண்ணாச்சி, ஆராணு கொன்னது?”

உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் பெயராக வெட்டியிருப்பது அண்ணாச்சிக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

“கல்கியே ஒடச்சுச் சொல்லல. நான் சொன்னா மொறையா? லீவு கெடைக்கும்போது பஸ் ஏறி வாரும், பாக்கிக் கதைய முடிச்சிடலாம்.”